முப்பத்தொரு பட்டன்கள்

"சிவப்புப் பட்டனை விட்டுடுங்கம்மா. கீழ போங்க. இன்னும் கீழ. படத்துல எங்க சேர்மன் கைகட்டி நிக்கிறாரா? அவரையும் தாண்டுங்க."

ஒசாகாவில் வெந்நீர் எந்திரம் விற்கும் கம்பெனியின் ஏழாவது மாடியில் உட்கார்ந்து தெராவோகா தினமும் இருபது தடவையாவது இந்தப் பாட்டைப் பாடுவார். பழுதுபார்க்க ஆள் கேட்கும் பக்கம் கம்பெனியின் வலைத்தளத்தில் எங்கோ இருந்தது. அதைத் தானாகக் கண்டுபிடித்த ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. எல்லோரும் கம்பெனிக்குப் போன் அடிப்பார்கள். போன் இவர் மேசைக்கு வரும். எது எங்கே கிடக்கிறது என்று இவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மனைவி மிசுஹோவும் மகளும் சொந்த ஊரான கனசாவாவில். இவரை மட்டும் கம்பெனி இங்கே தூக்கிப் போட்டு ஆறு வருஷம். ஒற்றை அறை, சூடுபண்ணிச் சாப்பிடும் டப்பா சோறு, மாதம் ஒருமுறை ரயில். மகள் இப்போதெல்லாம் இவரிடம் விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசுகிறாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"தளத்தை எல்லாருக்கும் புரியற மாதிரி மாத்திக் குடு. மார்ச் இடமாற்றப் பட்டியல்ல உன் பேரு இருக்கும்" என்றார் மேலாளர் இகராஷி.

தெராவோகா உயிரைக் கொடுத்துச் செய்தார். மொத்தமே ஏழு பட்டன், முதலாவது பழுதுபார்ப்புக்கு. மாடி பெருக்கும் அம்மாவிடம் காட்டினார். அவள் மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல் சட்டென்று கண்டுபிடித்துவிட்டாள்.

கூட்டத்தில் ஒன்பது துறைத் தலைவர்களும் தலையாட்டினார்கள். ஜப்பான் கம்பெனிகளில் கூட்டத்தில் எவனாவது எதிர்த்துப் பேசியிருக்கிறானா? வில்லங்கமெல்லாம், ஒவ்வொரு தலைவரும் ஒப்புதல் முத்திரை குத்தவேண்டிய தாள் மேசை மேசையாகப் போகும்போதுதான் கிளம்பும்.

"பிரமாதம், தெராவோகா-சான்! எங்க குளிர்காலத் தள்ளுபடிக்கு மட்டும் ஒரு பட்டன். சின்னதா" என்றார் விற்பனைத் தலைவர். ஆளெடுப்புத் துறைக்கு மூன்று வேண்டியிருந்தது. சேர்மனின் செயலாளர் குரலைத் தாழ்த்தினார்: "வாழ்த்துரையை ரெண்டாம் பக்கத்துக்குத் தள்ளினா அவர் மனசு என்ன பாடுபடும், சொல்லுங்க?"

மறுத்தால் முத்திரை விழாது. முத்திரை விழாவிட்டால் மார்ச் போச்சு. "சரிங்க, சரிங்க" என்று குனிந்து குனிந்து எல்லாவற்றையும் சேர்த்தார். தான் கட்டியதைத் தானே பாழாக்குகிறோம் என்று தெரிந்தது. போகட்டும், கனசாவா போய்ச் சேர்ந்தால் போதும். ஒன்பது முத்திரையும் விழுந்தபோது பட்டன்கள் முப்பத்தொன்று. சேர்மன் பழைய இடத்திலேயே கைகட்டி நின்றார், பழுதுபார்ப்பு அவருக்கும் கீழே.

மார்ச்சில் இகராஷி அவரைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டார்.

"அசத்திட்டப்பா! ஒன்பது பேரும் ஒத்துக்கிட்ட சங்கதி இந்தக் கம்பெனியிலயே கிடையாது."

"அப்ப, பட்டியல்ல..."

"அதாம்ப்பா சிக்கல். அந்த முப்பத்தொண்ணுல எது எங்க இருக்குன்னு உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? உன்னை எப்படி அனுப்பறது? இன்னும் மூணு வருஷம் பொறுத்துக்க."

தெராவோகா குனிந்து நன்றி சொன்னார். மூன்று வருஷத்தில் மகள் படிப்பை முடித்து வீட்டைவிட்டே போய்விடுவாள்.

மேசைக்கு வந்தால் போன் அடித்துக்கொண்டிருந்தது. கனசாவாவிலிருந்து ஒரு கிழவி. வெந்நீர் வரவில்லையாம். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். சிவப்புப் பட்டனிலிருந்து ஆரம்பித்து, சேர்மனைத் தாண்டி, மெல்ல அவளை அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"அப்பாடா! நீங்க இல்லேன்னா எங்க கதி என்ன? எங்கயும் போயிடாதீங்க, தம்பி."

"இல்லம்மா, எங்கயும் போகல" என்றார் தெராவோகா. "இங்கயேதான் இருப்பேன்."