திரை இருண்டதும் பேட்டரியைக் கழற்றினேன்: பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கேரி தீவு வரை

பழைய டிஜிட்டல் கேமராக்களை இளையவர்கள் இப்போது தேடி வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதை எடுத்துக்கொண்டு கிள்ளான் பக்கமோ கேரி தீவுப் பக்கமோ போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1999-இல் நான் போன ஒரு நாள் பயணம் இது. எனக்கு இப்போது வயது எழுபத்தாறு. எழுதப் படிக்கக் கற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. இந்தப் பத்தியை எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. நடுவில் எழுந்து தேத்தண்ணீர் கலக்கிக் குடித்துவிட்டு, எழுதியதைத் திரும்பப் படித்தேன். என் எழுத்தை நானே படிக்கிறேன்! அந்தச் சந்தோஷம் உங்களுக்குப் புரியுமோ என்னவோ. ஆனால் சொல்லப்போகும் கதையில் சந்தோஷம் குறைவு.

அப்போது நான் ரயில்வேயில் தண்டவாளம் பழுது பார்க்கும் குழுவில் இருந்தேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. என் அக்கா ஆரோக்கியம் கேரி தீவு எஸ்டேட்டில் மகனோடு இருந்தார். சிறுநீரகம் கெட்டு, கால் வீங்கி, வாசல் தாண்ட முடியாத நிலை. அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். போட்டோ வேண்டும். தன் சவப்பெட்டியின் மேல் வைப்பதற்கு.

இதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். எங்கள் எஸ்டேட் ஜனங்களிடம் அப்போது வீட்டுக்கு வீடு கேமரா கிடையாது. யாராவது இறந்தால் அடையாள அட்டைப் படத்தைத்தான் கடையில் கொடுத்துப் பெரிதாக்குவார்கள். அத்தானுக்கும் அப்படித்தான் செய்தோம். அக்கா பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"உங்க அத்தான் படத்தைப் பாருடா. போலீஸ் தேடுற ஆளு மாதிரி முழிச்சிக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு அந்த ஐசி படம் வேணாம் தம்பி. சிரிச்ச மாதிரி ஒண்ணு எடுத்துக் குடு."

சுங்கை வே தொழிற்சாலையில் வேலை பார்த்த, என் மகளைக் கட்டிய மருமகன் அப்போதுதான் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். ஃபிலிம் வேண்டாம், எடுத்ததை அங்கேயே பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம் என்றார். அக்காவுக்கு ஏற்ற கேமரா இதுதான் என்று இரவல் கேட்டேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கேமராவையும், மாற்றுக்கு நான்கு பேட்டரியையும், மடித்த ஒரு சீட்டையும் என் கையில் திணித்தார். "எல்லாம் இதுல தமிழ்லயே எழுதியிருக்கேன் மாமா, படிச்சிக்குங்க" என்றார். நானும் தலையாட்டினேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். வெளியே யாராவது காகிதம் நீட்டினால், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பேன். முப்பது வருடம் அந்த ஒரு பொய்யிலேயே ஓட்டியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்குப் புறப்பட்டேன். வீட்டுப் பக்கத்துச் சென்ட்ரல் நிலையம் அப்போது இன்னும் திறக்கப்படவில்லை. பழைய கோலாலம்பூர் நிலையத்துக்கு இருபது நிமிடம் நடை. கிள்ளானுக்கு மின்ரயில் கட்டணம் மூன்று வெள்ளி அறுபது காசு, பயணம் ஒரு மணி பத்து நிமிடம். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் உட்காருங்கள், காலை வெயில் முகத்தில் அடிக்காது.

ரயிலில் கை சும்மா இருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இரண்டு படம் எடுத்தேன். எடுத்ததைச் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டுவிட்டது.

தண்டவாள வேலையில் கைவிளக்குக்கு ஒரு கட்டாய விதி உண்டு. விளக்கு அணைந்தால் நோண்டிக்கொண்டிருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பேட்டரி எல்லாவற்றையும் ஒரே தடவையில் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். பழையதைப் புதியதோடு கலக்கவும் கூடாது, பைக்குள் திரும்பப் போடவும் கூடாது. இருட்டில் ரயில் வரும்போது கையில் விளக்கு எரியாவிட்டால் உயிர் போகும் என்பதால் வந்த விதி. அந்த விதி என் கையில் ஊறிப்போயிருந்தது. கிள்ளானில் இறங்கியதும் நான்கு பேட்டரியையும் கழற்றி நிலையத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். மாற்றுப் பேட்டரியைப் போட்டதும் திரை பளிச்சென்று எரிந்தது. நான் செய்தது சரிதான் என்று அது என்னை நம்ப வைத்தது.

கிள்ளானிலிருந்து பந்திங் பேருந்து. பந்திங் வரை போகக் கூடாது, தெலுக் பங்லிமா காராங் சந்திப்பிலேயே இறங்க வேண்டும். சுமார் இருபது கிலோமீட்டர், ஒன்றரை வெள்ளி. பேருந்துக்கு நாற்பது நிமிடம் காத்திருந்ததில் ரயில் நிலையத்தையும் கடைத்தெருவையும் ஐந்து படம் எடுத்தேன். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பயணம். சந்திப்பில் இறங்கிப் பார்த்தால் திரை மறுபடி கறுப்பு. இந்த நான்கையும் கழற்றிச் சாலையோரத் தொட்டியில் போட்டேன். கையில் இனி பேட்டரி இல்லை.

அங்கிருந்து எஸ்டேட்டுக்கு டாக்சி, பத்து வெள்ளி. பாலம் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் பாதை. ஓட்டியவர் பந்திங்காரர், பேச்சுப் பிரியர். நான் மருமகனின் சீட்டைப் பிரித்து முறைத்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, ரொம்ப நேரமா அந்தப் பேப்பரையே பாக்குறீங்க?"

"கண்ணாடி கொண்டு வரலை லா."

"குடுங்க, வண்டிய ஓரங்கட்டிட்டு நான் படிச்சிச் சொல்றேன்."

"வேணாம் தம்பி. வீட்டு விஷயம்."

மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவரிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயம். இப்போது யோசித்தால் வெளிப்பட என்ன இருந்தது என்றே தெரியவில்லை.

எஸ்டேட் கடையில் டார்ச் விளக்குக்குப் போடும் மலிவுப் பேட்டரிதான் இருந்தது. இரண்டு பொட்டலம் வாங்கினேன். அக்கா குளித்து, பொங்கலுக்கு எடுத்த பச்சைப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, பத்து மணியிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீங்கிய கால் தெரியக் கூடாது என்று புடவையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். வாயை மூடிச் சிரிப்பதா, திறந்து சிரிப்பதா என்று என்னிடமே கேட்டார்.

மலிவுப் பேட்டரியைப் போட்டேன். கேமராவின் லென்ஸ் பாதி வெளியே வந்தது. அப்படியே நின்றுவிட்டது. அடுத்த பொட்டலத்தைப் போட்டும் அதே கதைதான்.

"என்னடா இது, நாக்கை நீட்டிக்கிட்டு செத்துப்போச்சி?" என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த சீட்டைக் கவனித்துவிட்டு, "அதுல என்ன போட்டிருக்கு, படி" என்றார்.

அக்காவுக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தார். நான் சீட்டைப் பிரித்து, கண்ணை வரி வரியாக ஓட்டிப் படிப்பதுபோல் சொன்னேன்:

"பேட்டரி தீர்ந்தா புதுசு வாங்கிப் போடணுமாம்."

"இத சொல்ல ஒரு பேப்பரா? உன் மருமகன் நல்லா படிச்ச புள்ளதான்" என்று சிரித்தார். வாயைத் திறந்துதான் சிரித்தார். நான் எடுக்க வந்த சிரிப்பு அதுதான். கையில் கேமரா செத்துக்கிடந்தது.

அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றேன். அடுத்த ஞாயிறு எனக்கு வேலை. அதற்கடுத்த வியாழக்கிழமை அக்கா போய்விட்டார். சவப்பெட்டியின் மேல் ஐசி படத்தைத்தான் வைத்தார்கள். அதில் அவருக்கு வயது முப்பத்திரண்டு. முழித்துக்கொண்டு நிற்கிறார்.

கேமராவைத் திருப்பிக் கொடுத்தபோது மருமகன் நல்ல பேட்டரி போட்டுப் பார்த்தார். ஓடியது. அரை நிமிடத்தில் திரை இருண்டதும் பொத்தானை லேசாகத் தொட்டார், எரிந்தது. "தூங்கும் மாமா, பேட்டரி மிச்சம் புடிக்க. எழுதியிருந்தேனே" என்றார். மறந்துவிட்டேன் என்றேன். கேமராவுக்குள் ஏழு படங்கள் இருந்தன. ஒன்றிலும் அக்கா இல்லை. குப்பையில் போட்ட எட்டு பேட்டரியும் நல்ல பேட்டரிகள். அன்றைய தினம் என்னிடம் இல்லாமல் போனது பேட்டரி அல்ல.

பயண விவரம்: கட்டணங்கள் எல்லாம் மாறியிருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய கேமரா கொண்டுபோகிறவர்கள் சார்ஜ் ஏற்றும் பேட்டரி இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தால் பேட்டரி சீக்கிரம் தீரும். டார்ச் விளக்குப் பேட்டரி இதற்கு உதவாது. கேமரா எத்தனை நேரத்தில் தூங்க வேண்டும் என்பதை உள்ளேயே மாற்றிவைக்கலாம். கிளம்புவதற்கு முன்பே வீட்டில் செய்து பாருங்கள்.

சீட்டை இருபத்து மூன்று வருடம் பைபிளுக்குள் வைத்திருந்தேன். யாரிடமும் காட்டவில்லை. மாதா கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய், எழுத்துக் கூட்டத் தெரிந்த வாரம் அதைத்தான் முதலில் எடுத்தேன். முழுதும் படிக்க ஒரு மணி நேரம் ஆனது. முதல் வரிகள் எனக்குத் தெரிந்தவைதான். கடைசி வரியை மருமகன் என்னிடம் வாயால் சொன்னதே இல்லை. என் அறிவுரை என்று தனியாக ஒன்றும் இல்லை, அதையே பார்த்து எழுதுகிறேன்:

"மாமா, திரை இருட்டானால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கேமரா தூங்குகிறது. பொத்தானைப் பாதி அழுத்துங்கள், எழுந்துவிடும். பேட்டரியைக் கழற்ற வேண்டாம். நீங்கள் எப்போதும் கண்ணாடியை மறப்பவர், அதனால் இதை வழியில் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்."