முன்சக்கரத்தின் நடுக்கம்

சமயநல்லூரைத் தாண்டியதும் முன்னால் போன லாரி திடீரென்று வேகம் குறைத்தது. நான் பிரேக்கை அழுத்தினேன். காலடியில் பெடல் படபடவென்று அடித்தது. ஸ்டியரிங் என் இரண்டு கைகளையும் பிடித்து உலுக்கியது. வண்டி நின்றது என்னவோ உண்மைதான், நின்ற விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. முன்சக்கரத்து டிஸ்க் இரண்டையும் புதிதாக மாற்றி நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அப்போது விளாங்குடியில் குடியிருந்தோம். வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். தினம் இரண்டு பஸ் மாறி அலுத்துப்போய், பழைய கார் ஒன்றை வாங்கி நானே ஓட்டத் தொடங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் கார். என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனாலோ என்னவோ, நான் ஓட்டுவதைப் பற்றி அவருக்கு நிறைய அபிப்பிராயங்கள் இருந்தன. "நீ மிதிக்கிற மிதிக்கு எந்த டிஸ்க் தாங்கும்? இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா சாவியக் குடுத்துட்டு பஸ்ஸுல போயிரு" என்று முதல் தடவை கெட்டபோதே சொல்லி வைத்திருந்தார். இப்போது அந்த இன்னொரு வாட்டியும் வந்துவிட்டது.

வீட்டில் மூச்சுவிடாமல் வண்டியை அவனியாபுரத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு. இரண்டு பக்கமும் பேடு வந்து கவ்விப் பிடித்தால்தான் வண்டி நிற்கும். அவர் சக்கரத்தைக் கழற்றி, சின்னக் கடிகாரம் போன்ற ஒரு கருவியைத் தட்டின் மேல் படும்படி வைத்து மெல்லச் சுற்றினார். முள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடியது. "கோணிருச்சு டீச்சர். முடி கனம்தான், அம்புட்டுக்கே இந்த ஆட்டம் ஆடும்" என்றார். முடி கனம் எப்படி ஒரு காரையே நடுங்க வைக்கும் என்று எனக்கு ஒரே வியப்பு. அவரை லேசில் விடவில்லை. என் மிதி காரணமா, இரும்பு மட்டமா, பேடு பொருந்தவில்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலக் கோணியிருக்கு. ஓடி வந்த சூட்டோட தண்ணி கிண்ணி பட்டுச்சா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். மழையே இல்லையே என்றேன். பழையதை லேத்தில் சீவலாமா என்றதற்கு, ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது, சீவினால் தாங்காது, இரண்டையும் பேடோடு சேர்த்து மாற்றிவிடுங்கள் என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் வந்த பிறகுதான் போனை வண்டியிலேயே விட்டது நினைவுக்கு வந்தது. எடுக்கப் போனவள் வாசற்படியில் நின்றுவிட்டேன். என் மாமனார் வாளியும் கையுமாக முன்சக்கரத்தின் அருகில் குனிந்திருந்தார். தண்ணீர் பட்டதும் சுரீரென்று சத்தம் வந்து, சக்கரத்துக்குள்ளிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. பின்சக்கரத்துக்கு ஊற்றியபோது சத்தம் இல்லை. உள்ளே முகம் கழுவிக்கொண்டிருக்கையில் அந்தச் சத்தத்தை நான் தினமும் கேட்டிருக்கிறேன். அடுத்த வீட்டில் தாளிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

மாமனார் இளம் வயதில் பிறர் நிலத்தில் கூலிக்கு இருந்தவர். உழுதுவிட்டு வரும் முதலாளி வீட்டு மாடுகளின் காலைக் கழுவிக் கட்டுவது அவர் வேலை. கார் வந்த முதல் நாள் சக்கரங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "அடுத்தவன் மாட்டுக்கு ஊத்தியே பாதி ஆயுசு போச்சு தாயி. இது நம்மளது" என்றார். அது அந்த ஒரு நாள் சடங்கு என்றே நான் இருந்துவிட்டேன். நான் வண்டி ஓட்டக்கூடாது என்று உறவெல்லாம் பேசியபோது, "ஓட்டட்டும், அதுல என்ன குறைஞ்சு போச்சு?" என்று ஒற்றை ஆளாக நின்றவரும் அவர்தான். கணவரிடம் உண்மையைச் சொன்னால் சாவி என் கையில் நிற்கும், ஆனால் அவர் தன் அப்பாவைக் கேலி பேசியே தீர்த்துவிடுவார். சொல்லாவிட்டால் பஸ்தான். மாமனாரிடமே சொல்லவோ எனக்கு வாய் வரவில்லை.

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். சனிக்கிழமை பாகங்கள் வாங்க அவரையும் ஆட்டோவில் சிம்மக்கல்லுக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் மூன்று வகை டிஸ்க் எடுத்துப் போட்டார். மாமனார் ஒவ்வொன்றையும் தூக்கி, ஒரு கண்ணை மூடி விளிம்பை நோட்டம் பார்த்தார். கடைக்காரர் ஓட்டை போட்ட ஒன்றைப் புகழ்ந்து தள்ளினார், சூடு சீக்கிரம் ஆறுமாம். "இது பள்ளிக்கூடத்துக்குப் போற வண்டிப்பா, ரேசுக்கா போகுது?" என்றார் மாமனார். கடைசியில் கார்க் கம்பெனியின் சாதா டிஸ்க் ஒரு ஜோடியும் அதற்கேற்ற பேடும் எடுத்தோம். அப்போதுதான் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன், "அண்ணே, டிஸ்க் எதனால கோணுது?"

"பல காரணம் டீச்சர். ஓடி வந்ததும் தண்ணி அடிச்சாலும் போச்சு. சில பேரு வண்டி வாசலுக்கு வந்ததும் வாளியத் தூக்கிருவாங்க. பாசமாம்!" என்று கடைக்காரர் சிரித்தார். கூடவே நானும் சிரித்துவிட்டேன். மாமனார் சிரிக்கவில்லை. கையிலிருந்த டிஸ்க்கை ஓசைப்படாமல் மேசையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகனைக் கூப்பிட்டார். "வண்டி கெட்டது என்னால. சூட்டுல தண்ணி ஊத்துனது நான்தான். சாவியப் பத்தி இனி ஒரு பேச்சு வரக்கூடாது" என்றார். புது டிஸ்க்கை மெக்கானிக் மாட்டிக் கொடுத்தார். வண்டி நடுங்காமல் ஓடியது, சாவியும் எனக்கே ஆயிற்று. ஆனால் அன்றிலிருந்து மாமனார் கார் பக்கம் வரவில்லை. நான் வரும் நேரத்தில் டிவி முன்னால் உட்கார்ந்துகொள்வார். ஜெயித்தவளுக்கு வரவேண்டிய சந்தோஷம் எனக்கு வரவே இல்லை.

இப்போது அவர் இல்லை. நான் ஓட்டுவதும் வேறு கார். பிரேக் பாகங்கள் எத்தனையோ முறை மாற்றியாயிற்று, கடைக்காரர்களை மடக்கிக் கேள்வி கேட்கும் அளவுக்குத் தேறியும்விட்டேன். அதையெல்லாம் விட, சிம்மக்கல் போய்வந்த பத்தாம் நாள் சாயங்காலம்தான் எனக்கு மறக்க மாட்டேன் என்கிறது. பள்ளியிலிருந்து வந்து ஒரு மணி நேரம் காத்திருந்து, வாளியில் நானே தண்ணீர் பிடித்து வாசலில் வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். "மாமா, சக்கரம் ஆறிருச்சு. வாங்க."

மெதுவாக எழுந்து வந்தார். காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையைச் சக்கரத்தில் வைத்துப் பார்த்தார். வாளியைத் தூக்கியவர், ஊற்றாமல் என்னைப் பார்த்தார்.

"போன் எடுக்க வந்து நின்னியே, அன்னைக்கே உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மாமா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல தாயி, அந்தக் கடைக்காரன் சிரிக்கறதுக்கு முன்னாடி?"