கட்டில் கூடத்தில் இருந்தது

கிள்ளானில் ஒரு ரயில்வே குடும்பத்துக்கு மூத்த மகளாகப் பிறந்தவள் வெரோனிகா. ரயிலில் போய்வரும் தூரத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் கவுன்டர் வேலை. கல்யாணப் பேச்சு வந்த போதெல்லாம் அம்மாவுக்கும் ஏதாவது ஒன்று வந்தது. முதலில் சர்க்கரை, பிறகு கால் வீக்கம், கடைசியில் மறதி. விடிவதற்குள் அம்மாவைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, அடல்ட் டயப்பர் மாற்றிவிட்டு ரயிலுக்கு ஓடுவாள். மாலையில் திரும்பி வந்து அதையே மறுபடியும் செய்வாள். அவளுடைய இளமை அப்படித்தான் கரைந்தது.

அம்மாவை விட்டுப் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. கணவர் பெயர், மகன் பெயர், மாதாவின் பெயர்கூட. ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளையும் அவர் "வெரோ" என்றுதான் கூப்பிட்டார்.

அம்மா போன பிறகு ஆண்டுதோறும் நினைவுப் பூசை கொடுப்பார்கள். கோயிலிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து, படத்தின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிச் செபம் சொல்வார்கள். செபம் முடிந்ததும் வெரோனிகா அம்மாவின் கடைசி நேரத்தைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் சாப்பாடு. வழக்கமாகவே ஆகிவிட்டது.

இந்த வருடம் தங்கை எவலினும் வந்திருந்தாள். அம்மாவை அடக்கம் செய்த அடுத்த மாதமே கணவனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனவள். நினைவுப் பூசைக்கு வருவது இதுதான் முதல் தடவை. மகள் விவியனையும் அழைத்து வந்திருந்தாள். அங்கே மனோதத்துவம் படிக்கிற பெண் அவள்.

"கோழிப் பிரட்டல் ஆறுது. சீக்கிரம் சொல்லு லா," என்றார் அண்ணன் ஸ்டானிஸ்லாஸ். கூடத்தில் சிரிப்பு எழுந்தது.

வெரோனிகா ஆரம்பித்தாள். "ரூம்ல நானும் அம்மாவும் மட்டும்தான். ஜன்னல்ல மழை அடிக்குது. பஞ்சை தண்ணில நனைச்சு உதட்டுல வச்சேன். கண்ணைத் தொறந்து 'வெரோ'ன்னு கூப்பிட்டாங்க. என் கையைப் புடிச்சாங்க. அந்தச் சூடு இன்னும் இங்கயே இருக்கு..."

"அக்கா, நிறுத்து."

எவலின் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "அது நீ இல்ல. நான்."

"என்னடி சொல்ற?"

"பஞ்சு வச்சது நான். கையைப் புடிச்சிருந்தது நான். நீ வேலை முடிஞ்சு ரயில்ல வந்துகிட்டிருந்த. போன்ல நான்தான அழுதுகிட்டே எல்லாத்தையும் சொன்னேன்!"

"பைத்தியமா உனக்கு? ஒன்பது வருஷம் தூக்கிச் சுமந்தவ நான். புருஷன் வீட்டுலேருந்து லீவுக்கு நாலு நாள் வந்தவ நீ. கடைசி நேரத்தையும் புடுங்கிக்கப் பாக்குறியா?"

"புடுங்கறது யாரு? வருஷா வருஷம் ஊரைக் கூட்டி என்னோடத சொல்லிகிட்டிருக்க!"

ஸ்டானிஸ்லாஸ் நடுவில் புகுந்தார். "ஏய், வெரோதான் இருந்தா. எனக்குத் தெரியும் லா."

"நீங்க பாத்தீங்களா அண்ணே?"

அவர் கண்ணால் பார்த்ததில்லை. கேட்டதுதான்.

விவியன் மெல்ல வந்து பெரியம்மாவின் தோளைத் தொட்டாள். "பெரியம்மா, ஞாபகம் வீடியோ மாதிரி கிடையாது. எடுத்துப் பாக்கறப்ப எல்லாம் மூளை அதைப் புதுசா கட்டுது. யாரு சொன்னாங்க, எங்க கேட்டோங்கறது சீக்கிரம் கழண்டு போயிடும். படம் மட்டும் நின்னுடும். சொல்லச் சொல்ல அந்தப் படம் இன்னும் பலமாகும்."

"அப்ப நான் பொய் சொல்றேன்னு சொல்ற."

"இல்ல பெரியம்மா. பொய் சொல்றவங்களுக்கு அது பொய்ன்னு தெரியும்."

அந்த ஆறுதல் வெரோனிகாவைச் சுட்டது. அவள் அம்மாவின் அறைக்கு விடுவிடுவென்று நடந்தாள். அந்த ஜன்னலைக் காட்டிவிட்டால் போதும், இவர்கள் வாயை அடைத்துவிடலாம். "இங்க பாரு! கட்டில் இங்க இருந்துச்சு. நான் இந்தப் பக்கம் உக்காந்து..."

அறைக் கதவின் நிலையில் மரம் பெயர்ந்த ஒரு வடு இருந்தது. அவள் கை தானாக அதன்மேல் போய் நின்றது.

கட்டில் இடித்த வடு. ஆக்ஸிஜன் சிலிண்டரை வைக்க அறையில் இடம் போதாது என்று, அம்மா இறப்பதற்கு முன்பே கட்டிலைக் கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் அவள். நிலையில் இடித்துக்கொண்டபோது அவளுடைய சுண்டுவிரல் நகமே கறுத்துப் போயிற்று. கூடத்தில், கட்டில் போட்ட இடத்தில், ஜன்னல் கிடையாது.

"நானும்தான தூக்கினேன்," என்றார் பின்னால் வந்த ஸ்டானிஸ்லாஸ். "இத்தனை வருஷம் கேட்டும் எனக்குத் தோணவே இல்லயே."

ஜன்னலும் மழையும் எங்கிருந்து வந்தன என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. அது ரயில் ஜன்னல். அன்று பாதி வழியில், சுபாங் ஜெயா ஸ்டேஷன் பக்கத்தில், கொட்டுகிற மழையில் ரயில் அசையாமல் நின்றது. காதில் போன், அதில் தங்கையின் அழுகை. வீட்டு வாசலை மிதித்தபோது அம்மாவின் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். அவள் தொட்ட கை சில்லென்று இருந்தது.

சூடு அவளுடையது இல்லை.

"ஒன்பது வருஷம் பாத்தேனே எவலின். அந்தக் கொஞ்ச நேரத்தை அம்மா எனக்குக் கொடுக்கலையே," என்று நிலையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

எவலினும் உடைந்தாள். "எனக்கு மட்டும் கொடுத்தாங்களா? என் மூஞ்சியைப் பாத்து 'வெரோ'ன்னாங்க. கடைசி வரைக்கும் என் பேரு வரல. கையை மட்டும்தான் புடிச்சாங்க. இருக்கறது அது ஒண்ணுதான்க்கா. அதையாவது எனக்கு விடு."

கூடத்தில் உறவினர்கள் தட்டோடு காத்திருந்தார்கள். வெரோனிகா முகத்தைக் கழுவிக்கொண்டு படத்தின் முன்னால் வந்து நின்றாள். "நான் தப்பா சொல்லிட்டேன். அன்னிக்கு நான் ரயில்ல இருந்தேன். அம்மா கையைப் புடிச்சிருந்தது எவலின்." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு அவள் சமையலறையில் பாத்திரம் தேய்த்தாள். விவியன் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மழையாயிற்று. ஜன்னல் வந்தது. பஞ்சு வந்தது. உள்ளங்கையில் அந்தச் சூடும் அப்படியே வந்தது.

"தப்புன்னு தெரிஞ்சிடுச்சு. எல்லார் முன்னாடியும் சொல்லியாச்சு. இன்னும் ஏன்டி இது போக மாட்டேங்குது?"

"போகாது பெரியம்மா. மறக்கணும்னு நெனச்சா மட்டும் மறந்துடாது."

"அம்மாவுக்கு வேணுங்கறதெல்லாம் போச்சு. எனக்கு வேணாங்கறது நிக்குது. என்ன மூளைடி இது!"

வெரோனிகா கையிலிருந்த ஸ்பாஞ்சைத் தொட்டியில் வீசி அடித்தாள். நுரை இருவர் மேலும் தெறித்தது. பிறகு குழாயை இன்னும் வேகமாகத் திறந்து, உள்ளங்கையைத் தண்ணீரில் நீட்டி, அது மரத்துப் போகட்டும் என்று நின்றாள்.