அரைவாசி திரும்பிய அந்தோனியார்

எனக்குச் செபிக்கத் தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அறுபதுகளின் தொடக்கத்தில், அல்லைப்பிட்டிப் பெட்டை ஒருத்தியைக் கட்டித் தரச்சொல்லி புனித அந்தோனியாரிடம் மன்றாடப் போய், அந்த மனிசனையே குழப்பியடித்தவன் நான்.

அவளின் தகப்பனுக்கு இரண்டு வள்ளம் சொந்தம். நானோ கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தும், வள்ளத்தில் கால் வைத்தாலே குடல் புரட்டிச் சத்தியெடுக்கிற பிறவி. அதனால் கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தேன். அம்மா சம்பந்தம் பேசப் போனபோது, "கடலைக் கண்டு பயப்பிடுறவனுக்கோ என்ரை பிள்ளை? சரி, கோயில் திருநாள் முடியட்டும், யோசிச்சுச் சொல்லுறன்" என்று அவளின் தகப்பன் அனுப்பிவிட்டார்.

கேட்டது கிடைக்கும்வரை அந்தோனியாரின் சுரூபத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கிற வழக்கம் எங்கள் பக்கத்துச் சில வீடுகளில் உண்டு. நானும் அலுமாரிக்கு மேலிருந்தவரைத் திருப்பினேன். ஆனால் அரைவாசிதான். முழுக்கத் திருப்பினால் கோவித்துக்கொள்வாரோ என்ற பயம். அம்மா வந்து பார்த்துவிட்டு, "தூசு தட்டேக்கை திரும்பிட்டார் போலை" என்று நேராக்கிவிட்டுப் போவா. நான் திரும்பவும் அரைவாசி திருப்புவேன். பாவம், அவருக்குத் தலை சுற்றியிருக்கும்.

இது போதாதென்று செவ்வாய்க்கிழமைகளில் கோயிலுக்கும் போனேன். ஒரு நாள் பின்னேரம் உள்ளே ஆளில்லை என்று நினைத்து வாய்விட்டே மன்றாடினேன்.

"அந்தோனியாரே, அவளின்ரை தேப்பன் ஓம் எண்டு சொல்லோணும். உமக்கு வேலை கனக்கவெண்டால் ஆறுதலாப் பாத்தாலும் சரி. ஏலாது எண்டாலும் நான் கோவிக்கமாட்டன். அவளைத் தர ஏலாட்டில், அவளின்ரை தங்கச்சியை எண்டாலும்..."

பீடத்துக்குப் பின்னால் 'டங்' என்று ஏதோ விழுந்தது. பித்தளை மெழுகுதிரித் தண்டு. திருநாளுக்காக அதை மினுக்கிக்கொண்டிருந்தவள் எழும்பி வந்தாள். அவளேதான்.

"அந்தோனியாருக்குக் கேட்டுதோ தெரியாது. எனக்கு வடிவாக் கேட்டுது."

தகப்பன் மறுப்பது கிடக்கட்டும், இனி இவளே வேண்டாமென்றுவிட்டால்?

"அது... சும்மா ஒரு பேச்சுக்கு..."

"நீர் அவரிட்டைக் கேக்கிறீரோ, இல்லை அவருக்குத் தப்பச் சாட்டுச் சொல்லிக் குடுக்கிறீரோ?" கோபத்தில்தான் 'நீங்கள்' போய் அந்த 'நீர்'. "தேப்பனிட்டைச் சோறு கேக்கிற பிள்ளை, இல்லாட்டிலும் பரவாயில்லை எண்டோ கேக்கும்? நான் ஒருக்காத்தான் கேட்டனான். கேட்ட அண்டைக்கே கலியாணத் தலையணை உறைக்குப் பூப் போடத் துவங்கிட்டன்."

"உம்மடை ஐயா மாட்டன் எண்டால்?"

"அது அந்தோனியாற்றை வேலை."

தண்டைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்னை வேண்டுமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சுரூபத்தை நேரே திருப்பி வைத்தேன். முழங்காலில் நின்று, "அவளைத் தாரும், ஆமென்" என்றேன். அதோடு விட்டேனா? வாய் தன்பாட்டில் 'உமக்கு வசதிப்பட்டால்' என்று துவங்க, கையால் பொத்திக்கொண்டேன்.

திருநாள் முடிந்து கொடி இறக்கிய பின்னேரம் அவளின் தகப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியை அடிமட்டும் குடித்து முடித்தார். நான் கதவுக்குப் பின்னால் வேர்த்துக்கொண்டு நின்றேன்.

"பெட்டை தலையணை உறையெல்லாம் தைச்சு முடிச்சுப்போட்டாள்," என்றார் கடைசியில். "கேட்டால், அந்தோனியாரோடை பேசியாச்சாம். இனி நான் என்னத்தைச் சொல்லுறது?"

கலியாணம் முடிந்த பிறகு, பூப்போட்ட அந்தத் தலையணையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"பாத்தீரே, என்ரை செபம் பலிச்சுப்போச்சு."

"உங்கடை செபத்துக்கு என்ரை தங்கச்சியெல்லோ வந்திருப்பாள்."