சுனைக்காரியின் உயரம்

அம்சவேணி எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மேல்கையைப் பார்ப்பாள். பதினாறு வருஷமாக அங்கன்வாடி டீச்சர், கண்ணே தராசாகிவிட்டது. பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கிற குழந்தையின் எடையைக் கேட்டால் கால் கிலோ முன்னே பின்னே சொல்லிவிடுவாள். புவனகிரியிலிருந்து கல்யாணமாகித் தில்லிக்கு வந்தபோது அவளுக்குத் தெரிந்த இந்தி நாலே வார்த்தை. இப்போது அதே வாயால் பீகார்க்காரிகளையும் உ.பி.க்காரிகளையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறாள்.

தமிழர் குடிசைகள் இருந்த மதராசி கேம்ப் இருந்தவரை அவளுடைய மையம் அதற்குள்தான் இருந்தது. போன வருஷம் கேம்ப் இடிபட்டு, சனங்கள் ஆளுக்கொரு திக்காகப் போன பிறகு, போகல் என்கிற பகுதியில் ஒரு சந்துக்கு மாற்றிவிட்டார்கள். எடை மிஷின், உயரம் பார்க்கிற பலகை, மூன்று வண்ணத்தில் ஒரு நாடா, இவைதான் அவளுடைய ஆயுதங்கள். அந்த நாடாவை ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் மேல்கையில் சுற்ற வேண்டும். பச்சை வந்தால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும். சிவப்பு என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சிவப்பு வந்த பிள்ளையின் தாயை அவள் லேசில் விட்டதில்லை. "சாப்பிட மாட்டேங்கிறான் மேடம்ஜி" என்று ஒருத்தி இழுத்தால் போதும், பிடித்துக்கொள்வாள். "எந்தப் பிள்ளையும் தானாப் பட்டினி கெடக்காது. வீட்டுல யாரோ ஆரம்பிச்சு வெச்சிருப்பீங்க" என்று இந்தியில் விளாசுவாள். ஊருக்கு உபதேசம் சொல்கிற வாய் வீட்டு வாசலில் செருப்போடு சேர்ந்து நின்றுவிடும் என்பது அவளுக்கும் தெரியாமலா இருந்திருக்கும்?

அவளுக்கு ஒரே மகள், சுபிக்ஷா. எட்டு வயதில் அந்தப் பெண்ணுக்குச் சினிமா வாய்ப்பு வந்தது. 'சுனைக்காவல்' என்று ஒரு மாயக்கதை நாவல், ஐந்து பாகம். அம்சவேணி பிளஸ் டூ படிக்கிறபோது அது வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது; வியாழக்கிழமை எப்போது வரும் என்று கிடந்தவள் அவள். மலை உச்சியில் ஒரு சுனை. அதைக் காக்கிறவள் ஒரு சிறுமி. முந்நூறு வருஷமாக அவள் வளரவே இல்லை. அவள் ஒரு விரற்கடை வளர்ந்தாலும் சுனை வற்றும், மலைக்குக் கீழே ஏழு ஊர் சாகும். அந்தச் சுனைக்காரி வேஷத்துக்குத்தான் ஆள் தேடினார்கள். படப்பிடிப்பு டேராடூனுக்கு மேலே மலையில். சென்னைப் பிள்ளைகள் குளிரில் நடுங்குகிறார்கள், தில்லியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைதான் வேண்டும் என்று தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கே வந்து சுபிக்ஷாவைப் பொறுக்கியெடுத்தாள் ஜ்யோத்ஸ்னா.

ஜ்யோத்ஸ்னா நடிகர் தேர்வு செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவள். மயூர் விஹாரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். பாதி இந்தியில் பேசிச் சிரித்துக்கொண்டே இருப்பாள். அந்தச் சிரிப்போடுதான் முதல் நாளே சொன்னாள்.

"ஆன்ட்டி, ஒரே ஒரு விஷயம். ஹைட் மட்டும் பார்த்துக்குங்க. இவளுக்கு முன்னாடி ரெண்டு பேரை எடுத்துட்டு நிறுத்தினோம். ஒருத்தி ஷூட்டிங் தள்ளிப்போன கேப்ல நாலு சென்டிமீட்டர் வளந்துட்டா. இன்னொருத்திக்கு முன்பல் ரெண்டும் விழுந்துடுச்சு. பாவம், ரொம்ப அழுதா."

"அந்தப் பொண்ணுங்க இப்ப என்ன பண்றாங்க?"

"தெரியல ஆன்ட்டி. நம்பர் டெலீட் பண்ணிட்டேன்."

வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அன்று ராத்திரி அம்சவேணி யோசித்தாள். ஆனால் மறுநாள் பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மகளை மேடையேற்றிக் கைதட்டினார்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வழக்கமாகத் தேங்காய் வாங்குகிற கடைக்காரர், "நீங்கதானே சுனைக்காரி அம்மா?" என்று கேட்டார். இருபது வருஷம் தில்லியில் "மதராசி மேடம்" என்ற பெயரோடு இருந்தவளுக்கு அது எப்படி இனித்திருக்கும் என்று சொல்லவா வேண்டும். ராத்திரி யோசித்தது மறந்துபோயிற்று.

பதினோரு நாள் படம் எடுத்தார்கள். சுபிக்ஷாவின் உயரம் நூற்றிருபத்தொரு சென்டிமீட்டர். பாறையில் குடைந்த பீடம், மேலங்கி, கையில் பிடிக்கிற கோல், எல்லாம் அந்த அளவுக்குச் செய்தது. வீட்டில் தமிழில் நாலு வரி சேர்ந்தாற்போலப் பேசாத பெண், "நான் வளர மாட்டேன். நான் வளர்ந்தால் ஊர் தாங்காது" என்று அந்தப் பீடத்தில் உட்கார்ந்து சொன்னபோது அம்சவேணி கேமராவுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

பன்னிரண்டாவது நாள் இயக்குநர் கோபித்துக்கொண்டு மலையை விட்டு இறங்கிப் போய்விட்டார். அதிலிருந்து அந்தப் படத்துக்குப் பிடித்தது சனி. ஆடி மாத மழையில் மலைச் சரிவோடு செட்டும் போயிற்று. கதாநாயகன் வேறு படத்துக்குத் தேதி கொடுத்துவிட்டான், வேறொருவன் வந்தான், அவனும் போனான். இரண்டாவது இயக்குநர் கதையைத் திருத்துகிறேன் என்று ஆறு மாதம் உட்கார்ந்தார். மாறாத ஒன்று, எடுத்து முடித்த அந்தப் பதினோரு நாள் காட்சிகள். அவற்றை எல்லாருமே பிரமாதம் என்றார்கள். ஆகவே சுனைக்காரி மட்டும் அப்படியே இருக்க வேண்டும்.

ஜ்யோத்ஸ்னா சுவரில் ஒட்டுகிற அளவுத்தாள் ஒன்றை அனுப்பினாள். மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அதில் நிற்க வைத்து போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். முதல் மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது மாதம் நூற்றிருபத்திரண்டு.

அன்றைக்கு அம்சவேணி ஒரு காரியம் செய்தாள். அளவுத்தாளை உரித்து, ஒரு விரற்கடை மேலே தள்ளி ஒட்டினாள். வருஷக்கணக்கில் பிள்ளைகளை ஒழுங்காக அளந்தவளுக்கு ஒழுங்கில்லாமல் அளக்கவா தெரியாது. போட்டோவில் தரை தெரியாமல் பார்த்துக்கொண்டாள். "பர்ஃபெக்ட் ஆன்ட்டி" என்று பதில் வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு மாதம் கழித்து, மேலே ஒட்டிய தாளிலும் தலை நூற்றிருபத்தொன்று என்ற கோட்டைத் தாண்டிற்று. மறுநாள் காலை சுபிக்ஷாவின் பால் டம்ளர் மேஜைக்கு வரவில்லை.

"பால் எங்கம்மா?"

"கொஞ்ச நாளைக்கு வேணாம்டி. படம் முடியட்டும்."

அப்புறம் முட்டை நின்றது. இட்லிக்கு நெய் நின்றது. கணக்கு அவளுக்கு நன்றாகத் தெரியும்; எதை நிறுத்தினால் எது நிற்கும் என்பதுதானே அவளுடைய பிழைப்பு. ஐந்து வயதோடு முடிகிற வளர்ச்சி அட்டையில் ஒன்பது வயதுக்குக் கோடு கிடையாது, சோறு போடாமலா இருக்கிறோம், ஒரு டம்ளர் பாலில் என்ன வந்துவிடப் போகிறது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். இதே சமாதானத்தை எவளாவது மையத்தில் வந்து சொல்லியிருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

கணவன் கலியமூர்த்தி மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் ஸ்டெனோ. சொன்னதை எழுதியே பழகிப்போனவர், தானாக எதையும் அதிகம் சொல்ல மாட்டார். அவரே ஒருநாள் சொன்னார்.

"வேணி, புள்ள முகம் வாடிக் கெடக்குது. படியேறுனா மூச்சு வாங்குது."

"தில்லிக் காத்து அப்படிங்க. யாருக்குத்தான் மூச்சு வாங்கல?"

"அதோட ராத்திரில அந்த டயலாக்கச் சொல்றா. தூக்கத்துல."

"நடிக்கிற புள்ள, சொல்லத்தான் செய்யும்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. போட்டோவில் உயரம் ஏறவே இல்லை. அம்சவேணிக்கே அது ஆச்சரியம். பால் நிறுத்தியதற்கு இவ்வளவு பலனா என்று ஒருகணம் தோன்றும். அந்த நினைப்பை உடனே தள்ளிவிடுவாள். சுபிக்ஷா முன்னைப்போல ஓடுவதில்லை. பள்ளி வேனிலிருந்து இறங்கி வந்ததும் சுவரோரம் சுருண்டு படுத்துக்கொள்வாள். நீண்ட பாவாடைதான் வேண்டும் என்றாள். போட்டோவுக்கு நிற்கும்போது பாவாடைக்குள் முழங்காலை மடித்துக்கொள்கிறாள் என்பதை அம்சவேணி பார்த்தும் பார்க்காததுபோல போனைத் தூக்கிப் பிடித்தாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. பள்ளி லீவு என்பதால் சுபிக்ஷாவை மையத்துக்குக் கூட்டிப் போயிருந்தாள். சின்னப் பிள்ளைகள் டலியா என்கிற கோதுமைக் கஞ்சியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அம்சவேணி ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தாள். சுபிக்ஷா மேஜை மேல் கிடந்த வண்ண நாடாவை எடுத்து விளையாட்டாகத் தன் மேல்கையில் சுற்றி, நுனியை இழுத்துப் பார்த்தாள்.

"அம்மா, பாரு. நான் பச்சை."

அம்சவேணி நிமிர்ந்தாள். ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கான நாடா அது. பத்து வயதைத் தொடப் போகிற பெண்ணின் கைக்கு அந்த வண்ணமெல்லாம் கடந்து போயிருக்க வேண்டும். பச்சையின் தொடக்கத்தில், மஞ்சளுக்குப் பக்கத்தில் நின்றது. பதின்மூன்று சென்டிமீட்டர்.

பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தாள். மகளை எடை மிஷினில் ஏற்றினாள். பிறகு பலகையில் நிற்க வைத்து, முழங்காலைத் தன் கையால் அழுத்தி நிமிர்த்தினாள். உயரம் நூற்றிருபத்து நாலு. எடை, போன வருஷத்தை விட நாலு கிலோ குறைவு. பால் நிறுத்தியதற்கு நாலு கிலோ குறையாது. அது அவளைவிட யாருக்குத் தெரியும்.

"ஸ்கூல்ல லன்ச் சாப்பிடறியா இல்லியா?"

"இல்ல."

"டப்பா காலியாத்தானே வருது?"

"வேன்ல மதனுக்குக் குடுத்துடுவேன். அவனுக்கு உன் லெமன் ரைஸ் ரொம்பப் பிடிக்கும்."

"எப்பலேர்ந்துடி?"

"தீவாளிலேர்ந்து." சுபிக்ஷா நாடாவை அழகாகச் சுருட்டி மேஜைமேல் வைத்தாள். "நீ பால் நிறுத்தினே இல்ல? அது பத்தலம்மா. அதான் மீதியை நான் நிறுத்தினேன்."

எந்தப் பிள்ளையும் தானாகப் பட்டினி கிடக்காது. எத்தனை பெண்களை இதே இடத்தில் நிற்க வைத்துச் சொல்லியிருப்பாள். அந்த நிமிஷம் அம்சவேணிக்குத் தன்மேல் வந்த அருவருப்பு இனி சாகும்வரை போகாது.

மதியம் மகளைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது வழியிலேயே பாலும் முட்டையும் வாங்கினாள். அடுப்பில் முட்டையைப் போட்டபோது போன் அடித்தது. ஜ்யோத்ஸ்னா.

"ஆன்ட்டி, குட் நியூஸ். புது டைரக்டர் வந்தாச்சு. ஒரு படம் இல்ல, மூணு பார்ட்டாம். அஞ்சு வருஷம். சுபிக்ஷாதான் மூணுலயும். இப்ப இருக்கிற மாதிரியே இருந்தா போதும்."

அம்சவேணி சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"அவ வளந்துட்டா. நூத்தி இருபத்தி நாலு."

"போன மாசம் போட்டோல அப்படி இல்லியே?"

"தாளை நான் மேல தள்ளி ஒட்டியிருந்தேன். பொய் அளவு. எங்களுக்கு இந்தப் படம் வேணாம்மா. வேற புள்ளையப் பாத்துக்குங்க."

ஜ்யோத்ஸ்னா பழைய சிரிப்போடு சொன்னாள்: "அச்சா. பரவாயில்ல ஆன்ட்டி. வெயிட்டிங்ல ஒருத்தி இருக்கா. ஏழு வயசுதான், நல்லாத் தாங்குவா."

அந்த ஏழு வயதுப் பிள்ளையின் தாய்க்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று அம்சவேணி வாயெடுப்பதற்குள் போன் கட்டாயிற்று. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. அம்சவேணியின் நம்பரும் அதற்குள் அங்கே அழிந்துபோயிருக்கும்.

தட்டில் சோறு போட்டு, பருப்பும் நெய்யும் பிசைந்து, அவித்த முட்டையை இரண்டாக வெட்டி வைத்துக் கொண்டுவந்தாள். சுபிக்ஷா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஜ்யோத்ஸ்னா ஆன்ட்டியா பேசினாங்க? எப்ப ஷூட்டிங்?"

இங்கேதான் அம்சவேணி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் வேண்டாம் என்றேன், உன்னைக் கெடுத்ததும் நான்தான் என்று மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெண் அழுதால் தாங்க மாட்டோம், இனிமேல் தன்னை மன்னிக்கவே மாட்டாள் என்று பயந்தாள். எது சுலபமோ அது வாயில் வந்தது.

"இனிமே ஷூட்டிங் இல்லடா கண்ணு. நீ வளந்துட்டியாம். வேணாம்னுட்டாங்க. அது ஒண்ணும் உன் தப்பில்ல. வா, சாப்பிடு."

சுபிக்ஷா அழவில்லை. எழுந்து போய் அளவுத்தாளில் முதுகை ஒட்டி நின்றாள். உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்து, கையை அப்படியே நகர்த்தாமல் திரும்பிக் கோட்டைப் பார்த்தாள்.

"எவ்வளவும்மா அதிகம்?"

"மூணு சென்டிமீட்டர்."

சுபிக்ஷா வந்து உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்தாள். முட்டையைப் பார்த்தாள். பிறகு தட்டை இரண்டு கையாலும் மெல்ல அம்மாவின் பக்கம் தள்ளினாள்.

"ஒரு மாசம் டைம் கேளும்மா. நான் குறைச்சுடறேன்."