நாலு பேர் தூக்கிய அலுமாரி

எனக்கு மூத்தவளான ராத்தாவின் நிக்காஹ்வுக்கு நான்கு நாள் இருந்தது. அவளுடைய அலுமாரியைச் சுமந்துகொண்டு நாலு சுமைகூலி நாட்டாமிகள் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டின் படிகளில் ஏறினார்கள். வாப்பாவும் உம்மாவும் நானும் பின்னால் போனோம்.

மணமக்கள் குடியிருக்கப்போகும் வீட்டுக்குப் படுக்கையறைச் சாமான் கொடுப்பது பெண் வீட்டார் பொறுப்பு. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றுதான் கேட்டிருந்தார்கள். எல்லாம் இம்போர்ட்டாக இருக்க வேண்டும்.

வாப்பாவுக்குப் புறக்கோட்டையில் ஒரு தளபாடக் கடையில் வேலை. கப்பலில் வரும் அலுமாரிகளை நாள் முழுக்கப் புகழ்ந்து விற்பவர், வீட்டுக்கு வந்தால் வேறு மாதிரிக் கதைப்பார். அவர் முகப்பைப் பார்ப்பதில்லை. லாச்சியை வெளியே இழுத்து அடியைப் பார்ப்பார். முதுகுப் பலகையை விரலால் தட்டிப் பார்ப்பார். மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு மூன்று வருஷம் நிற்காது என்று உம்மாவிடம் சொன்னார். ஆனாலும் கேட்டதையே வாங்கினார். பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் மாளிகாவத்தை வீட்டில் உட்கார்ந்து, அதன் முதுகிலும் அடியிலும் தேக்குப் பலகை வைத்து முடுக்கினார். ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது நான். எனக்கு ஒன்பது வயது.

மூன்றாம் மாடியில் மாப்பிள்ளையின் பெரியும்மா காத்திருந்தார். நாட்டாமிகள் ஒவ்வொரு வளைவிலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். இது என்ன பலா மரமா என்று ஒருவன் மற்றவனைச் சிங்களத்தில் கேட்டது மேலே வரை கேட்டது.

அலுமாரியை அறையில் வைத்ததும் பெரியும்மா அதைச் சுற்றி வந்தார். தன் மகளுக்கு வாங்கியதை இரண்டே பேர் தூக்கி வந்தார்கள் என்றார்.

"இம்போர்ட் சாமான் இவ்வளவு பாரமா ஈக்காதே, நானா," என்றார் வாப்பாவிடம்.

வாப்பா கதவைத் திறந்து உள்ளே ஒட்டியிருந்த மலேசியா லேபிளைக் காட்டினார்.

"லேபிள் புறக்கோட்டையில கட்டுக்கட்டா விக்கிறாங்க. நீங்க அறியாததா?"

என் தோளில் இருந்த உம்மாவின் கை இறுகியது. பெண் வீட்டார் உள்ளூர்ச் சாமானைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்ற கதை அன்று பின்னேரத்துக்குள் மாப்பிள்ளை வீடு முழுக்கப் பரவிவிடும். அது எனக்கே விளங்கியது. வாப்பா ஏன் பேசாமல் நிற்கிறார் என்பதுதான் விளங்கவில்லை. அதனால் நான் பேசினேன்.

"இது இம்போர்ட்தான். வாப்பாதான் பின்னுக்குத் தேக்குப் பலகை அடிச்ச."

பெரியும்மா குனிந்து முதுகுப் பக்கம் பார்த்தார்.

"அப்ப பாதி மலேசியா, பாதி மாளிகாவத்தை."

நாட்டாமிகளில் ஒருவன் சிரித்தான். வாப்பா சிரிக்கவில்லை. கடற்காற்றைப் பற்றி அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால், அவர்கள் ஆசைப்பட்டுக் கேட்ட சாமான் உதவாது என்று சொன்னதாகியிருக்கும். கழற்றிவிடவா என்று மட்டும் கேட்டார். கழற்றினால் நல்லது, ஆட்கள் கேட்டால் இம்போர்ட் என்று ஒரே சொல்லில் சொல்லலாம் என்றார் பெரியும்மா.

அலுமாரியை மெத்தையில் சாய்த்துவிட்டு வாப்பா முழந்தாளிட்டார். போட்டதை விட மெதுவாகத்தான் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றினார். அவற்றைப் பத்திரிகைத் தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். காதிடுக்கில் இருந்த பென்சிலை எடுத்து ஒவ்வொரு பலகையிலும் எழுதினார்: இடது, வலது, நடு, அடி. பிறகு இரண்டு நாட்டாமிகள் அலுமாரியைச் சிரமமில்லாமல் நிமிர்த்தி வைத்தார்கள். பெரியும்மாவின் முகம் தெளிந்தது. எங்களுக்குத் தேத்தண்ணி வந்தது.

காரியம் என்னால்தான் சரிவந்தது என்று எனக்குப் பெருமை. லொறியில் திரும்பும்போது பலகைகள் எங்கள் காலடியில் கிடந்தன. எதற்காக அவற்றில் எழுதினார் என்று வாப்பாவிடம் கேட்டேன்.

"மூணு வருஷம் போனா திருப்பிப் போட லேசா ஈக்கும், மகள்."

எதில் திருப்பிப் போடுவது என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் வேறு அலுமாரி இருக்கவில்லை.