மில்லடிச் சந்தியில் மறிபட்டவர்கள்

எங்கள் சந்திக்கும் சிக்னல் விளக்கு வந்துவிட்டது. சிவப்பு விழுந்தால் நாற்பத்தைந்திலிருந்து இலக்கம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வரும். அந்த நாற்பத்தைந்து செக்கனுக்குள் பின்னால் நிற்பவர்கள் படுகிற அவசரத்தைப் பார்த்தால், எல்லோர் வீட்டிலும் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கிறதோ என்று நினைப்பீர்கள். போன கிழமை மகளை ரியூசனுக்கு ஏற்றிக்கொண்டு போனபோது எனக்கும் சிவப்பு விழுந்தது. ஸ்கூட்டியை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தால், சிக்னல் கம்பத்தில் ஈரம் காயாத கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒன்று. அதில் மணியண்ணையின் படம்.

"உவர் ஆர் அம்மா? உப்பிடிப் பாக்கிறீங்கள்?" என்றாள் மகள்.

"ரெலிபோன் கடை மணியண்ணை."

அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. பின்னேரம் திரும்பி வரும்போது அவளுக்கு முழுவதையும் சொன்னேன். அதற்கு அவள் கேட்ட கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மில்லடிச் சந்தியை வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. பெயர்ப்பலகையில் வேறு ஏதோ இருக்கிறது, அந்தப் பெயரைத் தபால்காரர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. கொழும்புத்துறைப் பக்கமிருந்து வருகிற ரோட்டு, அரியாலைக்குப் போகிற ரோட்டை வெட்டுகிற இடம் அது. ஒரு மூலையில் அரிசி, மிளகாய் அரைக்கிற மில். இன்னொரு மூலையில் சலூன். மூன்றாவது மூலையில் நான் வேலைக்கு நின்ற மருந்துக்கடை, பாமசி. பாமசிக்கு நேர் எதிரே மணியண்ணையின் ரெலிபோன் கடை. மீன் ஒரு பக்கத்தால் வரும், மரக்கறி மற்றப் பக்கத்தால் வரும். கடற்கரைச் சனமும் தோட்டக்காரச் சனமும் சைக்கிளால் இறங்காமலே அரை மணித்தியாலம் கதைத்துக்கொண்டு நிற்பார்கள்.

மிளகாய் அரைக்கிற நாளில் சந்தி முழுக்கத் தும்மும். இன்றைக்கும் கடையில் வாங்கிய தூள் பக்கெற்றை வெட்டினால் எனக்கு முதலில் நினைவு வருவது கறி அல்ல, மில்லுக்கு முன்னால் மண்மூட்டை அடுக்கிய காவலரணும் அதற்குள் நின்ற ஆமிக்காரனும்தான். துவக்கைப் பிடித்துக்கொண்டே அவனும் தும்முவான். சிரிப்பு வரும், சிரிக்கக்கூடாது. பாமசியின் பின்பக்கம் போய்ப் பஞ்சுப் பெட்டிக்குள் முகத்தை வைத்துச் சிரித்துவிட்டு வருவேன்.

அது சண்டையால் பாதை பூட்டியிருந்த காலம். குடாநாட்டை விட்டு வெளியே போகத் தரைவழி இல்லை. கப்பலுக்குப் பெயர் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் சனம் காத்திருந்தது. கைத்தொலைபேசிகளும் வேலை செய்யவில்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. காலையில் சைக்கிளில் வந்து, குளிசை அட்டைகளை இரண்டு இரண்டாக வெட்டிக் கொடுத்து, ஊரடங்குக்கு முதல் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வேறொன்றும் இல்லை. நாளைக்கும் அதுதான். மூச்சு முட்டுகிறது என்று யாரிடமாவது சொன்னால், "ஈழையோ பிள்ளை? டொக்டரிட்டைக் காட்டு" என்பார்கள்.

இந்த முடக்கத்துக்குள் இன்னொரு சின்ன முடக்கம் இருந்தது. அதற்குப் பெயர் கொன்வோய். இராணுவ வாகனத் தொடர் வரப்போகிறதென்றால் சந்து ஒழுங்கை வாசல்தோறும் ஆமி வந்து நிற்கும். ஒரு விசில் ஊதும். விசில் கேட்ட இடத்தில் சைக்கிளால் இறங்கி நிற்க வேண்டும். கடைசி வாகனம் போய் மறு விசில் கேட்கும்வரை ஒருவரும் ரோட்டில் கால் வைக்கக்கூடாது. கால் மணித்தியாலமும் ஆகலாம், ஒன்றரை மணித்தியாலமும் ஆகலாம். எங்கள் சந்தியில் சனத்துக்கு இதுவும் பழகிவிட்டது. எந்த மூலையில் அகப்படுவது நல்லது என்று ஒரு கணக்கே வைத்திருந்தார்கள். சலூன் மூலையென்றால் பேப்பர் வாசிக்கலாம். மில் மூலையில் வாகை மர நிழல், ஆனால் மிளகாய் நாளில் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். மணியண்ணையின் கடையில் நாலு கதிரை இருந்தது. பாமசி மூலையில் ஒன்றுமில்லை, நல்ல வெயில் மட்டும்.

மணியண்ணையின் கடைக்கு வெளிநாட்டு அழைப்புகள் வரும். "இன்னாரைக் கூப்பிட்டு விடுங்கோ, திரும்ப எடுக்கிறன்" என்று அங்கிருந்து சொல்வார்கள். மணியண்ணை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்த ஆளைக் கையோடு கூட்டி வருவார். ஆள் கதைக்கத் தொடங்கியதும் தான் வெளியே வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஊரின் அழுகை முழுக்க அவருக்குத் தெரியும். ஒன்றையாவது அவர் வெளியே சொன்னதாக நான் கேட்டதில்லை.

எனக்கு ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை சுவிஸ். எண்பதுகளிலேயே சின்ன வயதில் போனவர். அம்மா ஓம், சம்மதம் என்று சொல்லிவிட்டார். ஆனால் அந்த மனிதர், பெண்ணின் வாயால் கேட்க வேண்டும் என்று நின்றார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு எடுப்பேன், வராவிட்டால் விருப்பமில்லை என்று நினைத்துக்கொள்வேன், பிறகு கரைச்சல் தரமாட்டேன் என்று மணியண்ணையிடம் சொல்லி வைத்திருந்தார். நல்ல மனிதர்தான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவரைப் பிடித்திருந்ததா என்று கேட்டால், ஒரு படத்தைத் தவிர எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கு வேண்டியிருந்தது வேறு. ஒருநாள் காலையில் எழும்பி, அடையாள அட்டையைத் தேடாமல், ஒருவரும் மறிக்காமல், ரோட்டு முடியும்வரை நடக்க வேண்டும். அதற்கு அந்த மனிதர்தான் வழி. ஓம் சொல்வதென்று முடிவெடுத்துவிட்டேன். மூன்று நாள் கிணற்றடியில் நின்று அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பழகினேன். பதறாமல் சொல்ல வேண்டும், வெளிநாட்டுக்கு ஏங்கி அலைந்துகொண்டு நிற்கிறாள் என்று நினைக்கவும் விடக்கூடாது.

வியாழக்கிழமை பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முதலாளியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். ரோட்டைக் கடக்கப் பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும், எத்தனையோ தரம் எண்ணியிருக்கிறேன். வாசலுக்கு வந்தவள் திரும்பிப் போனேன். ஏன் தெரியுமா? முகத்துக்குப் பவுடர் போட! மருந்து அலுமாரிக் கண்ணாடியில் பார்த்துப் பவுடர் பூசி, தலையைச் சரி செய்து, பொட்டையும் நேராக்கினேன். ரெலிபோனில் கதைக்கப் போகிறவள். இதை எழுதும்போதுகூட எனக்கு என் தலையில் குட்ட வேண்டும் போலிருக்கிறது.

வெளியே வந்து படியால் இறங்கினேன். விசில் ஊதியது.

ஆமிக்காரன் கையைக் காட்டினான். பின்வாங்கி நின்றேன். சந்தியின் நாலு பக்கமும் ஐம்பது அறுபது சனம். எனக்குப் பக்கத்தில் மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு யோசப் அண்ணை. கொழும்புத்துறையிலிருந்து கிழமைக்கு நாலு நாள் மீன் கொண்டு வருகிறவர், என்னைச் சின்னனிலிருந்து தெரியும். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முதல் ட்ரக் போனது. பிறகு இன்னொன்று. புழுதி அடங்கி அடுத்தது வருகிற இடைவெளியில் எதிர்க் கடையில் ரெலிபோன் அடிக்கத் தொடங்கியது.

மணியண்ணை எடுத்தார். கதைத்தார். பிறகு வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். ஒருநாளும் ஒருவருடைய கதையையும் வெளியே விடாத மனிதர், வேறு வழியில்லாமல் ரோட்டுக்கு மேலால் கத்தினார்.

"பிள்ளை, அவர் லைனிலை நிக்கிறார்! என்ன சொல்ல?"

அறுபது தலையும் என் பக்கம் திரும்பியது. சலூனுக்குள் பாதிச் சவரத்தில் இருந்தவர்கூட நுரையோடு எட்டிப் பார்த்தார். மில் வாசலில் அம்மாவின் சிநேகிதி ஒருவர், மாப்பெட்டியை இடுப்பில் வைத்தபடி. இன்னொரு ட்ரக் இடையில் போனது.

"ஓம் எண்டு கத்து பிள்ளை," என்றார் யோசப் அண்ணை மெதுவாக. "என்ரை மீன்தான் பழுதாப்போகுது. உன்ரை அலுவலும் பழுதாப்போக வேணுமோ?"

ஒரு சொல்தான். மூன்று நாள் பழகிய சொல். இத்தனை சனத்துக்கு முன்னால், துவக்கு வைத்திருக்கிறவனுக்கும் முன்னால், ஒரு பெண் தன் கலியாணத்துக்குத் தானே ஓம் என்று கத்துவதா? வாய் திறந்தது. வந்தது வேறு.

"பிறகு எடுக்கச் சொல்லுங்கோ, மணியண்ணை!"

யோசப் அண்ணை தலையைத் திருப்பிக்கொண்டார். மணியண்ணை உள்ளே போனார். கடைக்குள் அவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளங்கப்படுத்துவது தெரிந்தது, பிறகு ட்ரக்குகள் மறைத்துவிட்டன. ஐம்பது நிமிடம் நின்றேன். வியர்வையில் பவுடர் கரைந்து கழுத்தால் வழிந்தது. மறு விசில் ஊதியதும் ஓடவில்லை, ஓடினால் சனம் என்ன நினைக்கும் என்று நடந்தே போனேன். ரிசீவர் வைத்தபடி இருந்தது.

"லைன் கட்டாப்போச்சு பிள்ளை," என்றார் மணியண்ணை. "திரும்ப எடுப்பார்."

எடுக்கவில்லை. இரண்டு மாதம் ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்கு அந்தக் கதிரையில் போய் இருந்தேன். பாமசி முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த விடயம், கேட்க என்ன இருக்கிறது?

பிறகு எனக்குக் கலியாணம் நடந்தது. சங்கானைக்காரர், வாத்தியார், நல்லவர். இதையும் அவர் வாசிப்பார், ஆகவே இத்துடன் விடுகிறேன். நான் இன்றைக்கும் அதே பாமசியில்தான் இருக்கிறேன். முதலாளி மாறிவிட்டார், நான் மாறவில்லை.

மணியண்ணை கடையை விற்றுவிட்டு அச்சுவேலியில் மகள் வீட்டோடு இருக்கப் போன நாளில் பாமசிக்கு வந்தார். பிரஷர் குளிசை வாங்கிக்கொண்டு, போகாமல் நின்றார்.

"பிள்ளை, அண்டைக்கு லைன் கட்டாகேல்லை. நான் பொய் சொன்னனான்."

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"கொன்வோய் போகுது, சனத்தை மறிச்சு வைச்சிருக்கிறாங்கள், பிள்ளை முன்னாலைதான் நிக்கிறா எண்டு எவ்வளவோ சொல்லிப் பாத்தன். அவருக்கு விளங்கேல்லை. ரோட்டு எவ்வளவு அகலம் எண்டு கேட்டார். பன்னிரண்டு எட்டு எண்டன். சிரிச்சார், பிள்ளை. பன்னிரண்டு எட்டு வைக்க மனமில்லாத பொம்பிளை சுவிஸுக்கு எப்பிடி வருவா எண்டு கேட்டுப்போட்டு வைச்சிட்டார்."

எனக்கு அந்தச் சுவிஸ் மனிதர்மேல் கோபம் வரவில்லை. அவர் போன காலத்தில் அந்த ரோட்டை ஆடும் மாடும் கடந்தன. அங்கே இருந்துகொண்டு இதை எப்படி நம்புவார்? ஆனால் அன்றிரவு முழுக்க அழுதேன். சுவிஸுக்காக அல்ல. முன்னால் நிற்கிற ரோட்டைக் கடக்க முடியாமல் நின்ற என்னை, கடக்க மனமில்லாதவள் என்று ஒருவர் முடிவெடுத்துவிட்டார். அதைத் திருத்த எனக்கு ஒரு வழியும் இருக்கவில்லை.

இப்போது காவலரண் இல்லை. மில் இருந்த இடத்தில் கேக் கடை. சலூனுக்குக் கண்ணாடிக் கதவும் ஏசியும். ரெலிபோன் கடையில் போனுக்கு உறை விற்கிறார்கள். ரோட்டை அகலமாக்கியபோது வாகையும் போய்விட்டது. யோசப் அண்ணை செத்து நாலு வருடம். அன்றைக்கு நின்ற அறுபது பேரில் பாதிப்பேர் கனடாவில், மிச்சப்பேர் ஒவ்வொருவராக நோட்டீஸில் வருகிறார்கள்.

அன்று பின்னேரம் வரும் வழியெல்லாம் மகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டு வந்து, அதே சிவப்பில் நின்று முடித்தேன். அவள் பின்னால் இருந்து எட்டி ரோட்டைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"இந்த ரோட்டையோ அம்மா? ஓடிக் கடந்திருக்கலாமே!"

கம்பத்தில் மணியண்ணையைப் பார்த்தேன். இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் மிஞ்சியிருந்தார். பச்சை விழுந்தது, பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"அம்மா, போங்கோ!"

போனேன். கடக்க நாலு செக்கனும் ஆகவில்லை.